கழிக்கத் தெரியாத கணினி

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

1965 மார்ச்சில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மேனார்ட் ஊரில், பழைய கம்பளி ஆலைக்குள் இயங்கிவந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பி.டி.பி.-8 கணினியை வெளியிட்டது. விலை 18,000 டாலர். அதே நிறுவனத்தின் முதல் கணினி பி.டி.பி.-1 விற்றதோ 1,20,000 டாலருக்கு! விலை இறங்கக் காரணம் கேட்டால், பாகங்களின் விலை குறைந்தது, பாகங்களை இணைக்கும் கம்பிகளைச் சுற்றும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது என்பார்கள். உண்மைதான். ஆனால், எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று வடிவமைப்பாளர் எட்சன் டி காஸ்ட்ரோவும் கூட்டாளிகளும் துணிந்ததுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

அடிப்படைக் கட்டளைகள் எட்டே எட்டு. கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது. கழிக்க வேண்டுமானால், கழிக்கும் எண்ணின் பிட்டுகளை, அதாவது 0, 1 என்ற இலக்கங்களை, 0 இருந்தால் 1 ஆகவும் 1 இருந்தால் 0 ஆகவும் மாற்றி, வந்த எண்ணோடு 1 கூட்டி, அதன் பிறகு மற்ற எண்ணோடு கூட்ட வேண்டும். நினைவகத்திலிருந்து எண்ணை எடுத்துவரவும் தனிக் கட்டளை இல்லை. பூஜ்யத்தோடு கூட்டிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். பூஜ்யத்துக்கு எங்கே போவது? கணக்கு நடக்கும் பதிவகத்திலிருந்து விடையை நினைவகத்தில் சேமிக்கும் கட்டளையே அந்தப் பதிவகத்தைத் துடைத்தும் வைத்துவிடும். சிக்கனம் என்றால் இது சிக்கனம்!

புதிதாக வந்த இயந்திரம் தானாக எழுந்து நிற்காது. முன்பலகையில் 12 விசைகள், மும்மூன்றாக. அவற்றை மேலும் கீழும் தள்ளி, தொடக்க நிரலைச் சொல் சொல்லாக உள்ளே ஏற்ற வேண்டும். இங்கே சொல் என்பது 12 பிட்டுகள் கொண்ட ஒரு தொகுதி, விசைக்கு ஒரு பிட்டு. அதன் பிறகே டெலிடைப் என்ற தொலைத் தட்டச்சுப் பொறி, நிரல் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கத் தொடங்கும், நொடிக்குப் பத்து எழுத்து, சொல்லுக்கு இரண்டு எழுத்து. 4,096 சொற்கள் கொண்ட நினைவகத்தை நிரப்ப ஏறத்தாழ 14 நிமிடம். காந்த வளைய நினைவகம் என்பதால், மின்சாரம் போனாலும் ஏற்றியது அழியாது.

ஆய்வுக்கூடத்துக்கும் செய்தித்தாள் அச்சுக்கோப்புக்கும் இது போதுமானதாக இருந்தது. 1966இல் வந்த இதன் மலிவு வடிவமான பி.டி.பி.-8/எஸ் 10,000 டாலருக்கும் குறைவு. ஒவ்வொரு பிட்டாகக் கூட்டியதால் ஆமை வேகம். அங்கே சிக்கனம் எல்லை மீறிவிட்டது. 8/ஐ, 8/எல், 8/இ என்று குடும்பம் வளர்ந்து, 50,000க்கும் மேல் விற்றது. டி காஸ்ட்ரோ 1968இல் விலகி, டேட்டா ஜெனரல் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார்.

கட்டளைகளில் காட்டிய அந்தச் சிக்கனத்துக்குப் பிற்காலத்தில் விலை கொடுக்க நேர்ந்தது. பெரிய நிரல் இடையில் கூப்பிட்டுப் பயன்படுத்தும் சிறு நிரலான துணைநிரலை அழைத்தால், திரும்பவேண்டிய முகவரியை அந்தத் துணைநிரலின் முதல் சொல்லிலேயே கணினி எழுதிவைக்கும். எழுதவே முடியாத ரோம் நினைவகம் வந்தபோது இந்த வழி இடித்தது. அப்படியும் எட்டுக் கட்டளைகளை ஒரே சில்லில் அடக்கி, 1980களிலும் டெக்மேட் என்ற பெயரில் அலுவலகக் கடிதங்கள் தட்டச்சு செய்ய விற்றுக்கொண்டிருந்தார்கள்.