சிமிலாரிட்டி 4% தான்... ஆனாலும் அது திருட்டா இருக்கலாம்!

உங்க ஆய்வேடு மத்தவங்க எழுதினதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு மென்பொருள் சொல்ற சிமிலாரிட்டி ரிப்போர்ட்ல 4 சதவீதம்னு வந்ததும் நிம்மதியா? கொஞ்சம் இருங்க. அந்த 4 சதவீதமும் உங்க ‘முடிவுகள்’ அத்தியாயத்துல ஒரே பாராவா உட்கார்ந்திருந்தா மாட்டினீங்க. இன்னொருத்தருக்கு 25 வருது. பார்த்தா எல்லாம் மேற்கோள் குறிக்குள்ள இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் மூலம் சொல்லியிருக்கு. அவங்க யாரையும் ஏமாத்தல. மென்பொருளுக்கு ஒத்துப்போற சொல் மட்டும்தான் தெரியும்.

விதியை வேகமா பார்த்துடலாம். யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018ல போட்ட ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டுல 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது; ஆனா தண்டனை இல்லைங்கிறதால திருட்டு இல்லைன்னு ஆயிடாது. அதுக்கு மேல 40 வரைன்னா, அதிகபட்சம் 6 மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும். 60 வரைன்னா, ஒரு வருஷம் திருத்திக்கூட கொடுக்க முடியாது. அதையும் தாண்டினா பதிவே ரத்து. மூலம் சொன்ன மேற்கோள், நூற்பட்டியல், சட்டம், வழக்கமான சமன்பாடு இதெல்லாம் கணக்குல சேராது. அதனால ரிப்போர்ட் எடுக்கும்போது மேற்கோளையும் நூற்பட்டியலையும் விலக்கச் சொல்லிட்டாங்களான்னு கேளுங்க.

அசைன்மென்ட்டும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் இந்த யூஜிசி விதிக்குள்ள வராது! அதுக்கு உங்க காலேஜ் வச்சதுதான் சட்டம். எழுதறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். திரையைப் பாருங்க. நமக்காக நாமே எழுதின ஒரு மூல வாக்கியம்:

“மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாத ஆண்டுகளில், டெல்டாவில் குறுவை சாகுபடிப் பரப்பு குறைகிறது.”

நிறைய பேர் இதை இப்படி மாத்துவாங்க:

“ஜூன் 12இல் மேட்டூர் அணையிலிருந்து நீர் விடப்படாத வருடங்களில், டெல்டா பகுதியில் குறுவை பயிரிடும் பரப்பளவு சரிகிறது.”

ஆண்டு வருடமாச்சு, குறைகிறது சரிகிறதாச்சு. எலும்புக்கூடு அப்படியே இருக்கு. மென்பொருள் இதை விட்டுடலாம். மூலத்தைப் படிச்ச கைடு விடமாட்டார். கடைசியில ஆசிரியர் பேரைப் போட்டாலும் சரியாகாது, ஏன்னா வாக்கிய அமைப்பு அவரோடது, நீங்க உங்களோடதுன்னு காட்டுறீங்க.

சரியான வழி: படிங்க, பக்கத்தை மூடுங்க. மூலத்தைப் பார்க்காம, உங்க கேள்விக்கு அதுல என்ன பதில் இருக்குன்னு எழுதுங்க. அப்புறம் திறந்து, அர்த்தம் மாறியிருக்கா, அவரோட சொற்றொடர் ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்னு சரிபாருங்க. இப்படி வரும்:

“தண்ணீர் தாமதமானால் குறுவை சுருங்குகிறது என்கிறார் இன்னார் (2019, ப. 42). போர்வெல் உள்ள வயல்களை அவர் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.”

அந்த இரண்டாவது வாக்கியம் இருக்கே, அதுதான் ஆய்வு! மூலத்தை உண்மையிலேயே படிச்சவங்களால மட்டும்தான் அதை எழுத முடியும்.

மேட்டூர் அணை 1934ல கட்டி முடிச்சதுன்னு எழுத மூலம் தேவையில்ல, அது பொதுவான தகவல். குறுவை பரப்பு குறையுதுங்கிறது ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொன்னது; அதுக்கு வேணும். இங்கிலீஷ் கட்டுரையைத் தமிழாக்கி எழுதினாலும் வேணும்.

அடுத்து, நம்ம ஊர் இனிஷியல் தர்ற தலைவலி. ஏபிஏங்கிற நூற்பட்டியல் எழுதற முறையில குடும்பப் பெயர் முதல்ல வரும். நூலகத் துறையோட பெரிய மனுஷர் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதனை எடுத்துக்கோங்க. ‘ரங்கநாதன், எஸ். ஆர்.’னு வந்தா சரி. ஆனா புத்தக அட்டையில ‘ரங்கநாதன் எஸ் ஆர்’னு போட்டிருந்தா, நூற்பட்டியல் தயாரிக்கிற மென்பொருள் கடைசியில இருக்கிற ‘ஆர்’ஐக் குடும்பப் பெயர்னு எடுத்துக்கும். பட்டியல்ல ‘ஆர், ஆர். எஸ்.’னு விழும். பாவம், அந்த மனுஷர் காணாமலே போயிடுவார்! ஆய்வுக் கட்டுரை தேடற கூகுள் ஸ்காலர்ல மேற்கோள் குறியைத் தட்டி அப்படியே ஒட்டுறவங்களுக்கு இது அடிக்கடி நடக்குது. மூலங்களைச் சேர்த்து வச்சு நூற்பட்டியல் போட்டுத் தர்ற இலவச மென்பொருள் ஜோட்டரோவுலயும் நடக்கும், ஆனா அங்க வலப்பக்கக் கட்டத்துல பெயரை ஒரு தடவை திருத்தினா, அந்த மூலம் வர்ற எல்லா இடத்துலயும் மாறிடும்.

உங்க பட்டியலை இப்பவே திறந்து, ஒத்தை எழுத்துல தொடங்கற பதிவு எத்தனை இருக்குன்னு எண்ணி கமெண்ட்ல போடுங்க.