டேக்கிள் எண்ணி டிஃபெண்டருக்கு மார்க் போடாதீங்கப்பா!

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கார்னர் கிக் வீடியோ வந்திருக்கணும். அது அடுத்த வாரம். ஏன்னா நேத்து ஒரு லிஸ்ட் கண்ணுல பட்டுச்சு. ஃபுட்பால்ல உலகத்துலயே சிறந்த சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற டிஃபெண்டர், யாருன்னு ஒரு ஆப்ல வரிசை போட்டிருக்காங்க. எதை வெச்சுன்னு பாத்தா, ஒரு மேட்சுக்கு எத்தனை டேக்கிள், அதாவது எதிராளி கால்ல இருந்து எத்தனை தடவை பந்தைப் பிடுங்கினாங்கங்கிறது! அதுல லிவர்பூல் டிஃபெண்டர் வெர்ஜில் வான் டைக் எங்கயோ அடியில கிடக்காரு. ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும், இந்த மாதிரி கணக்கைப் பாத்தா எனக்கு எப்படி ஏறும்னு.

டேக்கிள் எப்ப போடுவாங்க? பாதி நேரம், நிக்க வேண்டிய இடத்துல நிக்காதப்பதான். வீட்டைப் பூட்டினவனுக்குக் கைதட்டு கிடையாது, திருடனைத் துரத்துறவனுக்குத்தான் கைதட்டு. அதே கதை இங்கயும். டேக்கிளுக்காகத் தரையில சறுக்கி விழுந்தா எந்திரிச்சு ஓட ரெண்டு செகண்டாவது ஆகும். அந்த ரெண்டு செகண்டு நீ ஆட்டத்துலயே இல்ல. பந்து கிடைக்கலைன்னா உனக்குப் பின்னாடி கோல்கீப்பர் மட்டும்தான். கோல் முன்னாடி இருக்குற பாக்ஸுக்குள்ள ஆளைத் தட்டி விட்டா பெனால்டி வேற.

இப்ப 2019 மார்ச் 31, லிவர்பூலோட சொந்த மைதானம் ஆன்ஃபீல்டு, லிவர்பூல் எதிர் டாட்டன்ஹாம். இந்தக் கிளிப்பைப் பத்தி எத்தனை தடவை பேசினாலும் எனக்கு அலுக்காது. ஸ்கோர் 1-1, கடைசி அஞ்சு நிமிஷம். டாட்டன்ஹாமோட சிசோகோ பந்தோட ஓடி வர்றாரு, கூடவே சன் ஹியூங்-மின். எதிர்ல வான் டைக் ஒத்த ஆளு. ரெண்டுக்கு ஒண்ணு.

பெரும்பாலான டிஃபெண்டர் என்ன பண்ணுவாங்க? பந்து வெச்சிருக்கவன் மேல பாய்வாங்க. பாஞ்ச உடனே ஒரு பாஸ், சன் தனியா, கோல். வான் டைக் பாயவே இல்ல. சிசோகோவுக்கும் சன்னுக்கும் நடுவுல, பாஸ் போற வழியில உடம்பை வெச்சுக்கிட்டே தன் கோல் பக்கமா பின்வாங்குறாரு. சன்னுக்கு ஷாட் அடிக்க வாய்ப்பு போகக் கூடாது, அதான் முதல் கணக்கு. ரெண்டாவது கணக்கு, சிசோகோ வலது கால்காரரு, அவரை இடது கால்ல அடிக்க வைக்கணும். பாக்ஸுக்குள்ள வந்து, இனிமே பாஸ் கிடையாதுன்னு ஆனப்புறம்தான் கிட்ட போறாரு. சிசோகோ இடது கால்ல அடிச்சாரு, பந்து பாருக்கு மேல பறந்துச்சு. கொஞ்ச நேரத்துல டாட்டன்ஹாம்காரரே தன் கோலுக்குள்ள பந்தைத் தள்ளிட்டாரு, லிவர்பூல் 2-1.

இதுல டேக்கிள் எத்தனை? பூஜ்யம். அந்த ஆப்புல இதுக்கு மார்க்கும் பூஜ்யம். வயித்தெரிச்சலா இல்ல?

விளையாடுற பசங்க இதைக் கவனிங்க. எதிராளி முன்னாடி நேரா, ரெண்டு காலையும் ஒரே கோட்டுல வெச்சு நிக்காதீங்க. காலுக்கு நடுவுல பந்தைத் தள்ளிட்டுப் போயிடுவான், திரும்புறதுக்கும் நேரம் ஆகும். உடம்பைச் சாய்ச்சு, ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன, எந்தப் பக்கம் அவன் போகணும்னு நீங்க நினைக்கிறீங்களோ அந்தப் பக்கத்தைத் திறந்து வைங்க. ஸ்ட்ரைக்கர் கோலுக்கு முதுகு காட்டி நின்னா ஒட்டிக்கிட்டு நிக்காதீங்க. உங்க பாரம் எந்தப் பக்கம்னு முதுகாலயே தெரிஞ்சுக்கிட்டு, உங்க மேலயே உருண்டு திரும்பிடுவான். ஒரு கை தூரம் போதும்.

அடுத்து லைன் விஷயம், அதாவது டிஃபெண்டர் நாலு பேரும் ஒரே வரிசையில நிக்கிறது. எதிரணிக்காரன் தலையைக் குனிஞ்சு நீளமா அடிக்கத் தயாராகுறானா, ரெண்டு மூணு அடி பின்னாடி போங்க. அவனே பின்னாடி பாஸ் போட்டானா, உடனே எல்லாரும் சேந்து மேல ஏறுங்க. நாலு பேருல ஒருத்தன் ஏறலைன்னா, லைனுக்குப் பின்னாடி நிக்கிற ஸ்ட்ரைக்கரை ஆஃப்சைடுல மாட்ட வைக்கிற வாய்ப்பு போச்சு. வான் டைக்கோட வேலையில பாதி இதுதான், கையைக் காட்டி, கத்தி, ஆளை நகத்துறது. டிவில கேமரா பந்து பின்னாடியே போறதால இது தெரியாது.

ஆமா, ஆளு எங்க இருந்து வந்தாருன்னே சொல்லல பாருங்க. 1991-ல நெதர்லாந்துல ப்ரேடா ஊர்ல பொறந்தாரு. வில்லம் 2 அகாடமியில இருந்தப்ப ரெஸ்டாரண்ட்ல பாத்திரம் கழுவினாரு. முதல்ல ரைட் பேக், அதாவது வலது ஓரத்து டிஃபெண்டர்! டீன் ஏஜ்ல மளமளன்னு வளந்தப்புறம்தான் சென்டர் பேக். 2010-ல க்ரோனிங்கன்ங்கிற நெதர்லாந்து கிளப் அவரை இலவசமா எடுத்துச்சு. 2012-ல குடல்வால் அழற்சி முத்தி உயிருக்கே ஆபத்தாகி ஆபரேஷன்.

இப்ப விலைக்கு வருவோம், இதுல எனக்கு ஒரு தனி குஷி. 2013-ல ஸ்காட்லாந்து கிளப் செல்டிக் கொடுத்தது சுமார் 26 லட்சம் பவுண்ட். 2015-ல இங்கிலாந்து கிளப் சவுத்தாம்ப்டன் சுமார் 1.3 கோடி. 2018 ஜனவரியில லிவர்பூல் 7.5 கோடி பவுண்ட்! அஞ்சு வருஷம்கூட ஆகல, கிட்டத்தட்ட 29 மடங்கு. அப்ப ஒரு டிஃபெண்டருக்கு அதான் உலக சாதனை விலை. என்ன கிண்டல் பண்ணாங்க! டிஃபெண்டருக்கு இவ்ளோவான்னு. அதே மாசம் கோல் அடிக்கிற கூட்டினியோவை பார்சிலோனாவுக்கு வித்து அதைவிடப் பெரிய தொகையை வாங்கினாங்க, அதைப் பத்தி மட்டும் கிண்டலே இல்ல. கோல் அடிக்கிறவனுக்கு எவ்ளோ கொடுத்தாலும் நியாயம், கோல் தடுக்கிறவனுக்குக் கொடுத்தா அநியாயம். இன்னொண்ணு, 2017 கோடையிலயே லிவர்பூல் இவரை வாங்கப் பாத்துச்சு. முறைப்படி அணுகலைன்னு பிரச்சனையாகி, கிளப்பே மன்னிப்புக் கேட்டு விலகிடுச்சு. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. 2019-ல மான்செஸ்டர் யுனைடெட் டிஃபெண்டர் ஹாரி மகுவயருக்கு 8 கோடி கொடுத்து அந்தச் சாதனையை உடைச்சுது. அதுக்கு நான் கருத்து சொல்ல மாட்டேன், உங்க முகத்துலயே தெரியுது.

காசு வீணாச்சா? 2017-18 பிரீமியர் லீக்ல லிவர்பூல் வாங்கின கோல் 38. அடுத்த சீசன் 22. நியாயமா சொல்லணும்னா 2018 கோடையில கோல்கீப்பர் அலிசனும் வந்தாரு, அவருக்கும் பங்கு உண்டு. 2019-ல ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக், அடுத்த வருஷம் லீக் பட்டம். அந்த 2019-20 லீக்ல 38 மேட்சுலயும் ஒரு நிமிஷம் விடாம ஆடினாரு. வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டோர் விருதுல, 2019-ல மெஸ்ஸிக்கு 686, இவருக்கு 679. ஏழே ஏழு பாயிண்ட்! ஒரு டிஃபெண்டர் கடைசியா வாங்கினது 2006-ல கன்னவாரோ. சரி விடுங்க, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

இவரோட மதிப்பு எப்ப தெரிஞ்சுதுன்னா, இவர் இல்லாதப்பதான். 2020 அக்டோபர் 17, எவர்டன் மேட்ச். ஆரம்பத்துலயே எவர்டன் கோல்கீப்பர் முட்டியில வந்து மோதினாரு, ஏசிஎல் போச்சு. முட்டி முறுக்கிப் போகாம பிடிச்சு வைக்கிற தசைநார் அது. ஓடுறதைவிட, வேகத்தைச் சட்டுனு குறைச்சுத் திரும்புறதுக்குத்தான் அது ரொம்ப வேணும். டிஃபெண்டர் வேலையே அதானே? கிழிஞ்சதைத் தைச்சு ஒட்டுறது சரிவராதுன்னு, பெரும்பாலும் வேற இடத்துத் தசைநார் எடுத்து வெச்சுப் புதுசாக் கட்டுவாங்க. அது எலும்போட பிடிச்சு உறுதியாக மாசக்கணக்காகும். அவசரப்பட்டா மறுபடி கிழியும். இவர் ஒம்போது மாசம் தாண்டி, 2021 ஜூலை கடைசியிலதான் நட்பு மேட்சுல இறங்கினாரு.

அதுக்குள்ள மத்த சென்டர் பேக்குகளான கோமஸுக்கும் மாட்டிப்புக்கும் பெரிய காயம். மிட்ஃபீல்டர்ஸ் ஃபபினியோவும் ஹெண்டர்சனும் சென்டர் பேக்ல நின்னாங்க. ஆன்ஃபீல்டுல 68 லீக் மேட்ச் தோக்காத டீம், 2021 ஜனவரியில பர்ன்லிகிட்ட தோத்து, அப்படியே தொடர்ச்சியா ஆறு ஹோம் மேட்ச் தோத்துச்சு. இதை எந்த டேக்கிள் கணக்கு காட்டும்?

காயத்துக்கப்புறம் முடிஞ்சாருன்னு சொன்னவங்க நிறைய. 2023-ல கேப்டன் ஆனாரு. 2024 லீக் கப் ஃபைனல்ல செல்ஸி மேல 118-வது நிமிஷம் ஹெட்டர், அதாவது தலையால அடிச்ச கோல், 1-0. 2024-25 லீக் பட்டம் கேப்டனா. 2025-ல, 2027 வரைக்கும் புது ஒப்பந்தம் போட்டாரு.

அட, ஹெட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, லிவர்பூலுக்கு இவர் ஆடின முதல் மேட்சை விட்டுட்டேன்! 2018 ஜனவரி 5, எஃப்ஏ கப், எதிர்ல அதே எவர்டன்தான். 84-வது நிமிஷம் கார்னர்ல எகிறி ஹெட்டர், 2-1. கார்னர்ல எப்படி ஓடி வந்து எகிறணும்ங்கிறது அடுத்த வார வீடியோல போர்டோட வரும். அதுவரைக்கும் சிசோகோ கிளிப்பைத் தேடிப் பாத்துட்டு, வான் டைக் எந்த இடத்துல பின்வாங்குறதை நிறுத்துறாருன்னு கமெண்ட்ல போடுங்க. பந்தைப் பாக்காதீங்க, அவர் காலைப் பாருங்க.