இந்த லேப் டைம் காரோடதா, டயரோடதா?

(திரையில்: நூர்பர்க்ரிங் வரைபடம், ஓரத்துல ஓடுற கடிகாரம்)

6 நிமிஷம், 59.927 செகண்ட்! 2021-ல அறிமுகமான போர்ஷே 911 ஜிடி3, ஜெர்மனியில இருக்கற நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபேங்கற ரேஸ் டிராக்கோட 20.832 கிலோமீட்டரை இந்த நேரத்துல ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. இதுதான் லேப் டைம். எல்லாரும் இன்ஜினைப் பத்தியே பேசினாங்க. நீங்க சக்கரத்தைப் பாருங்க. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 ஆர், டிராக்குக்குன்னே செஞ்ச டயர். டயர் பேரைச் சொல்லாத லேப் டைமை நம்பவே நம்பாதீங்க.

டயர் பக்கவாட்டுல ட்ரெட்வேர்னு ஒரு எண் இருக்கும். அதே மிஷெலினோட ரோட்டு டயர் பைலட் ஸ்போர்ட் 4எஸ்-க்கு 300, கப் 2 ஆர்-க்கு 80. எண் குறைஞ்சா சீக்கிரம் தேயும், பொதுவா பிடிப்பு கூடும். கம்பெனிங்களே போட்டுக்குற எண்ணுங்கறதால, ரெண்டு பிராண்டை இதை வெச்சு ஒப்பிடாதீங்க.

ஒரு அழிரப்பரை நட்டுக்குத்தலா நிறுத்தித் தள்ளுங்க, வளையும். படுக்க வெச்சுத் தள்ளுங்க, வளையாது. டயர்ல பள்ளங்களுக்கு நடுவுல இருக்கற ரப்பர் கட்டையும் அப்படித்தான். டிராக் டயர்ல பள்ளம் ஆழமில்லாம, கம்மியா இருக்கறது இதுக்குத்தான். ஆனா மழை வந்தா தண்ணி வெளியேற வழி இல்ல, கார் வழுக்கும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்: காத்து. காலையில 20 டிகிரியில 26 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிக்கறீங்க. டயருக்குள்ள இருக்கற காத்து 70 டிகிரிக்கு ஏறினா, அதே காத்து கிட்டத்தட்ட 33 ஆயிடும். காலையிலயே 33 அடிச்சிருந்தா? 41! டயர் நடுவுல உப்பும், ஓரம் தரையைத் தொடாது, திருப்பத்துல கார் வெளிய தள்ளும். அதே கார், அதே டயர், ஆனா டைம் போச்சு.

கண்டுபிடிக்கறது எப்படி? கார் பிட்டுக்குள்ள (டிராக் ஓரமா காரை நிறுத்தி வேலை பார்க்குற இடம்) வந்த உடனே ஊசி வெச்ச பைரோமீட்டரை, அதாவது சூடு அளக்குற கருவியை, ரப்பருக்குள்ள குத்தி, உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு மூணு இடத்துல சூடு பாருங்க. நடு அதிகமா சுட்டா காத்து ஜாஸ்தி. ரெண்டு ஓரமும் சுட்டா காத்து கம்மி. உள் ஓரம் மட்டும் ரொம்ப எகிறினா கேம்பர், அதாவது சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயுற சாய்வு, ஜாஸ்தி. இன்ஃப்ராரெட் கன் வேண்டாம். அது மேல்தோலைத்தான் பார்க்கும், பிட்டுக்கு வர்றதுக்குள்ள அது ஆறிடும்.

டிராக்ல டயர் சூடா இருக்கும்போது காத்தை இறக்கினீங்களா? ஆறின பிறகு மறக்காம திரும்ப அடிச்சுட்டு ரோட்டுக்குப் போங்க. குறைஞ்ச காத்தோட ஹைவேல வேகமா போனா டயர் உள்ளேயே வெந்து வெடிக்கும். தயவுசெஞ்சு இதுல அலட்சியம் வேண்டாம்.

ரெண்டு டயரை ஒப்பிடணும்னா முதல்ல ஏ டயர்ல ஓட்டுங்க, அப்புறம் பி, மறுபடியும் ஏ. ஓட ஓடத் தரையில ரப்பர் படியும், வெயில் மாறும், டிரைவருக்கும் டிராக் பழகிடும். கடைசி ஏ, முதல் ஏ-யை விட 1 செகண்ட் வேகமா இருந்தா, பி காட்டின முன்னேற்றத்துல சுமார் அரை செகண்ட் டயரோடது இல்ல, அந்த நாளோடது.

உங்க டயர்ல ட்ரெட்வேர் எண் எவ்வளவு? பார்த்துட்டு கமெண்ட்ல போடுங்க!