கேஸ் ஏற்றும் முன் ஃபேனைப் பாருங்கள்: ஒரு 2005 வேகன் ஆரின் ஏசியும் ஹீட்டரும்

வணக்கம் நண்பர்களே. இன்று நம் ஷெட்டில் நிற்பது 2005 மாடல் மாருதி வேகன் ஆர். கோயம்புத்தூருக்குள் ஓடுகிற வண்டி, அடிக்கடி குன்னூர் போய் வரும். புகார் மூன்று. ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் அனல் வருகிறது. இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் மேட் நனைந்துகொண்டே இருக்கிறது. மலைக்குப் போனால் ஹீட்டரில் சூடே வருவதில்லை.

இந்தக் கோடையில் மட்டும் இதற்கு இரண்டு முறை கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். எந்தக் கடை என்பது நமக்கு வேண்டாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய வண்டியில் ரப்பர் ஓஸ், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் சீல் வழியாகப் பல வருடத்தில் கொஞ்சம் குறையும், அது வேறு. இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். குறையவே இல்லை என்றால் கோளாறு கேஸில் இல்லை. இரண்டில் எது என்று பார்க்காமல் ஏற்றிக்கொண்டே போனால் காசும் போகும், கம்ப்ரஸரும் போகும்.

அதனால் வண்டி வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்போது குளிரவில்லை என்பதுதான். போட்டதிலிருந்தே இல்லையா, நின்றால் மட்டும் இல்லையா, நன்றாகக் குளிர்ந்து ஒரு மணி நேரம் கழித்துக் காற்று குறைகிறதா? கடைசியாகச் சொன்னது நடந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயிலின் குளிரை அளக்கிற சென்சாரைப் பாருங்கள். ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி வந்து, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே வேண்டாம்.

நம் வண்டியின் பிரச்சினை நின்றால் மட்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே தள்ளுவது கண்டென்சர். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். சரி, கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் மாட்டிவிட்டேன், பாருங்கள். ஒன்று தாழ்வழுத்தப் பக்கத்துக்கு, இன்னொன்று உயரழுத்தப் பக்கத்துக்கு. எஞ்சின் ஓடாதபோது இரண்டு கேஜும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். வெளியே 35 டிகிரி என்றால் 115 பிஎஸ்ஐ பக்கத்தில் இருக்கும். இதைக் காட்டி, கேஸ் நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அந்த அழுத்தம் வெப்பநிலையைத்தான் காட்டும், கேஸின் அளவைக் காட்டாது.

இப்போது எஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுகிறேன். டக் என்று ஒரு சத்தம் கேட்டதா? கம்ப்ரஸர் கிளட்ச் பிடித்துவிட்டது, அது நல்ல செய்தி. இந்த வெயிலுக்குத் தாழ்வழுத்தப் பக்கம் 30 முதல் 45, உயரழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ என்று இருந்தால் சரி. இங்கே பாருங்கள், தாழ்வில் 60, உயர்வில் 320-ஐத் தாண்டி ஏறுகிறது. கேஸ் குறைவாக இருந்தால் இரண்டுமே குறைந்திருக்கும். கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால் தாழ்வு ஏறி, உயர்வு இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் கண்டென்சரால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை, அல்லது உள்ளே கேஸ் அதிகம். கேஸ் குறைந்தாலும் சிக்னலில் குளிர்ச்சி குறையும். கேஜைப் பார்க்காமல் கேஸ் ஏற்றும் பழக்கம் அதனால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

கேஜ் இல்லாதவர்களும் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு பாட்டில் தண்ணீரை கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். இதோ ஊற்றுகிறேன், முள் இறங்குகிறது பாருங்கள். உள்ளேயும் காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. ஊற்றியதும் குளிர்ந்தால் முதலில் ஃபேனையும் கண்டென்சரையும் பாருங்கள்.

கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன். ரேடியேட்டர் ஃபேனுக்குப் பக்கத்தில் இருப்பது கண்டென்சர் ஃபேன். ஏசி ஓடுகிறது, ஆனால் இது அசையவே இல்லை. தயவுசெய்து விரலை உள்ளே விடாதீர்கள், எந்த நொடியும் சுற்ற ஆரம்பித்துவிடும். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. ரிலேயைக் கழற்றி, அதே நம்பர் போட்ட வேறொரு ரிலேயை மாட்டிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தேன், அப்போதும் சும்மா நிற்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரின் பின்பக்கம் லேசாகத் தட்டினால் சுற்றுகிறது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டாரை மாற்றிவிட்டேன். மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒயர் தலைகீழாகப் போனால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி, எஞ்சின் சூட்டைக் கண்டென்சர் மேலேயே தள்ளும். கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். அது உள்பக்கம் ஒட்ட வேண்டும்.

கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் தூசியையும் எடுத்தேன். சாதாரண ஓஸ் தண்ணீரே போதும், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் உயர்வழுத்தம் 290-ல் நிற்கிறது. இரண்டு முறை ஏற்றிய கேஸ் இங்கே தெரிகிறது. மெஷினில் முழுவதையும் உறிஞ்சி எடுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் வாக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்றி), வாக்கம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடை போட்டு ஏற்றினேன். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவதை நிறையப் பேர் சாதாரணமாகச் செய்கிறார்கள். இந்த வண்டியில் உள்ள ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ வெளியே போனால், 100 வருடக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மெஷின் உள்ள கடையைத் தேடிப் போங்கள்.

90-களின் தொடக்க வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஆர்-12 என்ற பழைய கேஸ் இருந்திருக்கலாம். அதற்கான மினரல் ஆயில் ஆர்-134ஏ உடன் சேராது. ஆயில், ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாவற்றையும் மாற்றாமல் புதிய கேஸை ஏற்றக் கூடாது.

அடுத்து நனைகிற மேட். தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். வாசனை இல்லாத வெறும் தண்ணீர் என்றால் கூலிங் காயிலின் டிரெயின் பைப் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்து, கண்ணாடியிலும் பசை மாதிரி படிந்தால் ஹீட்டர் காயிலில், அதற்குள் ஓடும் எஞ்சின் கூலண்ட் கசிகிறது. அது அவசர வேலை. இங்கே வெறும் தண்ணீர்தான். அடியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் ஒயரை விட்டதும் மண்ணும் இலையும் வந்தன. கம்பியை விடாதீர்கள், காயிலைக் குத்திவிடும்.

உள்ளே காற்று ஊதும் ப்ளோயர் நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது என்றால், ஸ்பீடைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும், சின்ன வேலை.

இப்போது ஹீட்டர். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபயர்வாலுக்குள், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுக்குள், போகும் இரண்டு ஓஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஜில்லென்று இருந்தால் கூலண்ட் குறைவு, ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்தல்), அல்லது ஹீட்டர் வால்வ் திறக்கவில்லை. டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே கிடந்தால், எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று கழற்றுகிறார்கள். தயவுசெய்து மாட்டி வையுங்கள், எஞ்சினுக்கு அது வேண்டும். இந்த வண்டியில் ஒரு ஓஸ் கொதிக்கிறது, இன்னொன்று ஜில்லென்று இருக்கிறது. ஹீட்டர் காயில் அடைப்பு. பல வருடம் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதால் உள்ளே துருவும் உப்பும் சேர்ந்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு, வெளியே வரும் ஓஸ் வழியாகக் குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பழைய காயில், வேகமாக விட்டால் உடைந்துவிடும். தெளிந்த தண்ணீர் வந்ததும் கூலண்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றி, காற்றை வெளியேற்றினேன். இப்போது சூடு வருகிறது.

குன்னூர் போகும்போது மூடுபனியில் கண்ணாடி மங்கினால் ஏசி, ஹீட்டர் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும், கண்ணாடி சீக்கிரம் தெளியும். வெளிக்காற்று உள்ளே வரும்படி லீவரை வைத்துவிடுங்கள். உள்காற்றே சுற்றினால் நாம் மூச்சுவிடும் ஈரமெல்லாம் திரும்பக் கண்ணாடியில்தான் படியும்.