கோபத்தில் பிறந்த ஊர்

நண்பர்களே, ஊர் என்றால் ஆற்றங்கரையில் பிறக்கும், கோயிலைச் சுற்றி வளரும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் துராங்கோவும் ஆற்றங்கரை ஊர்தான். ஆனால் அதைப் பெற்றெடுத்தது ஒரு ரயில் கம்பெனி. அதுவும், என் பார்வையில், கோபத்தில் பெற்றெடுத்தது.

சான் வான் மலைகளில் வெள்ளி கிடைத்தது. 1873 ஒப்பந்தத்தில் அந்த மலைகள் யூட் பழங்குடி மக்களிடமிருந்து கைமாறின. தாதுவைக் கீழே கொண்டுவர வழி வேண்டும். ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பால்மர் தொடங்கிய டென்வர் அண்டு ரியோ கிராண்டே கம்பெனி தண்டவாளத்தோடு வந்தது. அனிமாஸ் சிட்டி என்ற சிற்றூர் அங்கே ஏற்கெனவே இருந்தது. கம்பெனி கேட்ட சலுகைகளைத் தர அந்த ஊர் மறுத்தது. கம்பெனி கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. 1880இல் இரண்டு மைல் தெற்கே தள்ளித் தெருக்களுக்குக் கோடு போட்டு மனை விற்கத் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டே ரயிலும் வந்தது. மறுத்த ஊர் மெல்லத் தேய்ந்து, பின்னாளில் துராங்கோவுக்குள்ளேயே கரைந்துபோனது. பேரம் பேசத் தெரியாதவர்கள் என்று அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். எனக்கு என்னவோ அவர்கள் மேல்தான் பரிவு.

துராங்கோவிலிருந்து சில்வர்டன் சுரங்க ஊருக்கு 45 மைல் பாதை 1882இல் முடிந்தது. தண்டவாளத்தின் அகலம் மூன்றே அடி. நம் ஊட்டி ரயில் பாதைகூட இதைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் அகலம். பாதை குறுகினால் வளைவை இறுக்கி வளைக்கலாம், வெடிவைத்துத் தகர்க்க வேண்டிய பாறையும் குறையும். அப்படியும் ஓரிடத்தில் பாறையின் இடுப்பைச் செதுக்கித்தான் ரயிலுக்கு வழி விட்டிருக்கிறார்கள். பெட்டியின் ஒரு ஜன்னலில் மலைச்சுவர் உரசுவதுபோல வரும். மறு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அதலபாதாளத்தில் அனிமாஸ் ஆறு.

1893இல் வெள்ளி விலை சரிந்தது. பிறகு லாரிகள் வந்தன. 1960களின் இறுதியில் துராங்கோவை வெளியுலகத்தோடு இணைத்த மற்றப் பாதைகளைக் கைவிட்டார்கள். இந்த 45 மைல் மட்டும் எந்தத் தண்டவாளத்தோடும் சேராத தீவாக நின்றது. அதைக் காப்பாற்றியவர்கள் சுற்றுலாப் பயணிகள். காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சில்வர்டனுக்கு, காசு கொடுத்து மூன்றரை மணி நேரம் ரயிலில் போகிறார்கள்! 1920களில் செய்த நீராவி எஞ்சின்கள் இழுக்கின்றன. நிலக்கரியில் ஓடிய காலத்தில் போய்வர ஏறக்குறைய ஆறு டன் தேவைப்பட்டது; அத்தனையையும் ஃபயர்மேன், அதாவது எஞ்சின் அடுப்பைக் கவனிக்கும் ஊழியர், தன் கையால் வாரிப் போட வேண்டியிருந்தது. அப்போது திறந்த பெட்டியில் ஏறுபவர்கள் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லதாக இருந்தது, கரித்துகள் கண்ணில் விழும். சட்டைக் காலரில் படிந்த கரியைத் தட்டிவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தக் காலத்தை டிக்கெட் போட்டு விற்றால் அதன் பாக்கியும் கூடவே வந்து சேரும். 2015இல் மேலே ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில் தேங்கியிருந்த கழிவுநீர் சுமார் 30 லட்சம் கேலன் உடைத்துக்கொண்டு வந்து, அனிமாஸ் ஆறு மஞ்சள் கரைத்துவிட்டதுபோல ஓடியது. 2018 ஜூனில் துராங்கோவுக்கு வடக்கே காடு பற்றியது. சுமார் 54,000 ஏக்கர் எரிந்தது. எஞ்சினிலிருந்து தெறித்த பொறிதான் காரணம் என்று அமெரிக்க அரசு ரயில் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. 2022இல் இரண்டு கோடி டாலர் என்று சமரசம் ஆனது.

அந்தத் தீக்குப் பிறகு, நிலக்கரியில் ஓடிய எஞ்சின்களைக் கம்பெனி எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கியது. கரிப்புகை வாசனைக்காகவே டிக்கெட் வாங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால், எரிந்துபோன அந்த மலைச்சரிவுக்குக் கீழே குடியிருப்பவரிடம் போய், "என்ன இருந்தாலும் நிலக்கரிதான் அழகு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.