மன்னிப்பு கிடைத்தது, கணக்கு தீர்ந்ததா?

நடுவர் ஐயா அவர்களே, பேசி முடித்து இப்போதுதான் தண்ணீர் குடிக்கிற எதிரணி அக்கா அவர்களே, இந்த மார்கழிக் குளிரிலும் ஈரோட்டில் எங்களை நம்பிப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க, ஸ்தோத்திரமுங்க. மனந்திரும்பியவனுக்குப் பாவத்தின் விளைவு நீங்குமா, நிற்குமா என்பது தலைப்பு. நிற்கும் என்கிறது எங்கள் அணி.

அக்கா இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் காட்டினார்கள். கடைசி நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டான், பரதீசு என்கிற மோட்சம் கிடைத்தது, கணக்கு தீர்ந்தது என்றார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். அந்தக் கள்ளனிடம் கடைசியில் வருகிறேன். முதலில் தாவீது.

தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனைக்கு அனுப்பிச் சாகடித்த ராஜா. நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஒரு பணக்காரன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்துக்கு அடித்த கதையைச் சொன்னதும், ‘நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும்’ என்று தாவீதே பொங்கித் தீர்ப்புச் சொல்கிறார், தனக்குத்தான் சொல்கிறோம் என்று தெரியாமலே! ‘நீயே அந்த மனுஷன்’ என்றதும் உடைந்துபோய் ஒத்துக்கொண்டார். மன்னிப்பும் அங்கேயே கிடைத்தது. ஆனாலும் பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்ற வார்த்தையை நாத்தான் திரும்ப வாங்கவில்லை. பிறந்த குழந்தை, அம்னோன், அப்சலோம் என்று மூன்று பிள்ளைகளை அந்த மனுஷன் பறிகொடுத்தார். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது என்று அக்கா கேட்பார்கள். கேளுங்கக்கா, எனக்கும் அந்த இடம் தொண்டையில் முள்தான். மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-இல் இருப்பதும் தெரியும். ஆனால் மன்னித்ததும் எல்லாம் பழையபடி ஆனது என்று மட்டும் தாவீது கதை வருகிற அதிகாரத்தில் இல்லையுங்க.

எருசலேம் வரைக்கும் எதற்கு, நம்ம நொய்யலுக்கு வாருங்கள். பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயத்தண்ணீர். 2011-இல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. சரி, ஒரு பட்டறைக்காரர் அழுது ஜெபம் பண்ணினார், ஆண்டவர் மன்னித்தும் விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கீழே காடு வைத்திருக்கிற அண்ணன் கிணற்றில் ஏறிய உப்பு விடிவதற்குள் இறங்கிவிடுமா? மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று பவுல் எழுதினதை, மஞ்சள் போட்டு மஞ்சள் வெட்டுகிற நம்ம சனத்துக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அதற்காக, பக்கத்து வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ‘என்ன பாவம் பண்ணினாரோ’ என்று திண்ணையில் பேசுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே சொல்லியாயிற்று.

அப்புறம் சகேயு, வரி வசூலில் கொழுத்தவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தார், திருப்பிக் கொடு என்று கேட்டதாக ஒரு வரி கிடையாது. அவனே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனை என்கிறான். தாவீது சொன்ன அதே நாலத்தனை! ‘வேண்டாமப்பா, அதான் மன்னிச்சாச்சே, நீயே வெச்சுக்கோ’ என்றா இயேசு சொன்னார்? ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிஷமுங்க ஐயா, கள்ளன் பாக்கி. பரதீசு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆணியைப் பிடுங்கி அவனை இறக்கிவிட்டார்களா? சேவகர் வந்து காலை முறித்தார்கள், யோவான் 19-ஐப் பாருங்கள். பரதீசைக் கேட்பதற்கு முன்னால் பக்கத்துச் சிலுவைக்காரனிடம் அவன் சொன்னதை அக்கா வாசிக்காமல் விட்டுவிட்டார்கள், நான் வாசிக்கிறேன்: ‘நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்.’