முதலில் தோளை இறக்குங்கள்

வணக்கம் நேயர்களே. "மனசை அமைதியாக வைத்துக்கொள்" என்று நமக்குச் சொல்லாதவர்களே இல்லை. எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை. மனசை நேரே போய் அடக்க முடியாது. உடம்பைத் தளர்த்தலாம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான்.

இதைக் கேட்டுக்கொண்டே உங்கள் தோளைக் கவனியுங்கள். காதுப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறதா? பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருந்தால்தான் தாடைக்கு ஓய்வு. இறக்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1908 வாக்கில், திடீர்ச் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை ஆராய்ந்தார். உடம்பை நன்றாகத் தளர்த்தியிருந்தவர்கள் அவ்வளவாகத் திடுக்கிடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டவர் வாழ்நாள் முழுக்க விடவில்லை. பிற்பாடு சிகாகோவில், தசையில் உண்டாகும் மிக நுண்ணிய மின்சாரத்தை அளந்தார். கையை மடக்காதே, மடக்குவதாக நினைத்துக்கொள் என்பார். நினைத்த மாத்திரத்திலேயே கைத்தசையில் மின்சாரம் பதிவாகும்! எனக்கு இதில் தீராத வியப்பு. நாளைக்கு மேலதிகாரியிடம் என்ன பேசுவது என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கிறோமே, அப்போது உடம்பும் சேர்ந்து வேலை பார்க்கிறது. காலையில் களைப்பாக எழுந்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

சரி, செய்து பார்ப்போம். வண்டி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். வலது கையை முஷ்டியாக மூடுங்கள். முழு பலமும் வேண்டாம், பாதி போதும். மூச்சை அடக்காதீர்கள். முன்கையில் அந்த இறுக்கம் தெரிகிறதா? ஐந்து எண்ணும் வரை அப்படியே. இப்போது சட்டென்று விட்டுவிடுங்கள். விட்ட பிறகு அவசரப்படாதீர்கள், அதுதான் முக்கியமான இடம். கை கனத்து, லேசாகச் சூடேறியதுபோல் இருக்கலாம். இருபது எண்ணும் வரை அதைக் கவனியுங்கள். இதேபோல மற்றக் கை, தோள், முகம், வயிறு, தொடை, கடைசியாகப் பாதம். வலியோ காயமோ உள்ள இடத்தை விட்டுவிடுங்கள். இறுக்குவது ஒரு சாக்குத்தான் நேயர்களே, தளர்வது எப்படி இருக்கும் என்று உடம்புக்கு ஞாபகப்படுத்தத்தான்.

தியானத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு தளர்ந்த பிறகு, நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், அதனால்தான் அதை நீட்டச் சொல்கிறேன். எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, படபடப்பு நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.